பொது இணைப்புப் புள்ளியில் ஹார்மோனிக் யாருடையது? மேசைமேல் கட்டிப் பார்த்த ஒரு சோதனை அமைப்பு

மின் வழங்குநரின் வலையமைப்பும் நுகர்வோரின் நிறுவலும் சந்திக்கும் பொது இணைப்புப் புள்ளியில் பகுப்பாய்வுக் கருவியை மாட்டி ஒரு வாரம் விட்டுவைத்தால், ஹார்மோனிக்குகள், அதாவது 50 ஹெர்ட்ஸ் அடிப்படை அலையோடு கலக்கும் அதன் முழுமடங்கு அதிர்வெண் அலைகள், உண்டாக்கும் மின்னழுத்தத் திரிபும் மின்னோட்டத் திரிபும் 10 நிமிடச் சராசரிகளாக அட்டவணையில் வந்துவிடும். அந்தத் திரிபை உண்டாக்கியவர் யார் என்ற கேள்விக்கு மட்டும் அந்த அட்டவணையில் விடை இருக்காது. வழங்குநர் நுகர்வோரின் மோட்டார் வேக மாற்று இயக்கிகளைக் காட்டுவார். நுகர்வோர் தன் ஆலை நின்றிருந்த ஞாயிற்றுக்கிழமையிலும் 5-ஆம் ஹார்மோனிக் இருந்ததைக் காட்டுவார். இருவரும் சொல்வது ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதுதான் சிக்கல். களத்தில் எந்த முறையைப் பயன்படுத்திப் பொறுப்பைப் பிரித்தாலும், அந்த விடை சரியா என்று சோதிக்க வழியில்லை, ஏனென்றால் இரு பக்கத்து மூலங்களின் உண்மை மதிப்பும் யாருக்கும் தெரியாது. ஆகவே, இரு மூலங்களும் என் கட்டுப்பாட்டில் இருக்கும்படியான ஒரு சிறிய அமைப்பை 12 வோல்ட்டில் கட்டி, புழக்கத்தில் உள்ள முறைகளை அதன்மேல் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

அமைப்பு எளிமையானது. கணினியின் சவுண்டு கார்டு இரு சேனல்களிலும் 50 ஹெர்ட்ஸ் அலையையும் அதன்மேல் 250 ஹெர்ட்ஸ் அலையையும் உருவாக்குகிறது. ஒரு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் அவற்றைப் பெருக்குகிறது. முதல் சேனல் மின் வழங்குநர், இரண்டாவது சேனல் நுகர்வோர். இரண்டுக்கும் இடையே, ஒலிபெருக்கிப் பெட்டிகளின் கிராஸ்ஓவரில் பயன்படும் 2.7 மில்லிஹென்றி காற்றுள்ளகக் காயில்கள் இரண்டைத் தொடராக இணைத்து, அவை சந்திக்கும் முனையைப் பொது இணைப்புப் புள்ளியாக எடுத்துக்கொண்டேன். இரும்பு உள்ளகக் காயில் கையில் இருந்தாலும் அதைத் தவிர்க்க வேண்டும். செறிவு நிலையை நெருங்கினால் அதுவே ஹார்மோனிக் மூலமாகிவிடும், பிறகு மேசைமேல் மூன்றாவது குற்றவாளி ஒருவர் வந்துவிடுவார். ஆம்ப்ளிஃபையரின் இரு வெளியீடுகளும் ஒரே தரையைக் கொண்டிருக்க வேண்டும் என்பதும் முக்கியம். இப்போது மலிவாகக் கிடைக்கும் டி வகுப்புப் பலகைகளில் பல, ஒலிபெருக்கியின் இரு முனைகளையும் எதிரெதிராக இயக்கும் பிரிட்ஜ் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் ஒரு முனையைத் தரையோடு சேர்த்தால் பலகை எரிந்துபோகும்.

நுகர்வோர் சேனலின் 50 ஹெர்ட்ஸ் அலையை வழங்குநர் சேனலைவிட 10° பின்தங்க வைத்தால், ஏறத்தாழ 1.06 ஆம்பியர் அடிப்படை மின்னோட்டம் நுகர்வோரை நோக்கிப் பாய்கிறது. அதாவது இரண்டாவது சேனல் திறனை வாங்கிக்கொள்ளும் சுமையாக நடந்துகொள்கிறது. இந்தச் சேனலின் வெப்பத் தகட்டில் சிறிது நேரத்தில் விரலை வைக்க முடியாது. வரும் திறனைத் தனக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளைக்குத் திருப்பி அனுப்ப ஏபி வகுப்பு ஆம்ப்ளிஃபையருக்குத் தெரியாது, தன் டிரான்சிஸ்டர்களிலேயே எரித்துத் தீர்க்கிறது. சிறிய விசிறி ஒன்று போதும்.

அளவீட்டுக்கும் அதே சவுண்டு கார்டின் உள்ளீடுதான். மின்னழுத்தத்துக்கு 47 கிலோ ஓம், 2.2 கிலோ ஓம் பகுப்பான். மின்னோட்டத்துக்கு 1000:1 வளைய கரண்ட் டிரான்ஸ்பார்மரில் முதன்மைக் கம்பியை 10 சுற்று சுற்றி, துணைப் பக்கத்தில் 10 ஓம் மின்தடை. 48 கிலோஹெர்ட்ஸில் 200 மில்லிவிநாடி எடுத்தால் 9600 மாதிரிகள். அது 50 ஹெர்ட்ஸின் சரியாக 10 சுழற்சிகள். ஹார்மோனிக் அளவீட்டுக்கான சர்வதேசத் தரநிலை ஐ.இ.சி. 61000-4-7 கேட்பதும் இந்தச் சாளரத்தைத்தான். அலையை உருவாக்கும் கடிகாரமும் மாதிரி எடுக்கும் கடிகாரமும் ஒன்றே என்பதால், ஃபூரியே கணக்கில் அண்டை அதிர்வெண்களுக்குக் கசிவு இல்லை. உண்மையான வலையமைப்பில் அதிர்வெண் சிறிதளவு அலைந்துகொண்டே இருக்கும். அங்கே சாளரத்தை 10 சுழற்சிகளோடு ஒத்திசைக்காமல் விட்டால், 5-ஆம் ஹார்மோனிக்கின் அளவைவிடக் கோணம்தான் முதலில் கெட்டுப்போகும்.

இந்த வேலை முழுவதும் கோணத்தை நம்பி நிற்பதால், கரண்ட் டிரான்ஸ்பார்மரை முதலில் சரிபார்த்தேன். நுகர்வோர் சேனலைக் கழற்றிவிட்டு, தூண்டல் இல்லாத ஒரு மின்தடையை அதன் இடத்தில் வைத்தால் மின்னழுத்தமும் மின்னோட்டமும் ஒரே கட்டத்தில் இருக்க வேண்டும். இல்லாத அளவுக்கு அது டிரான்ஸ்பார்மரின் பிழை. 50 ஹெர்ட்ஸில் 1.6° பிழை இருந்தது, 250 ஹெர்ட்ஸில் 0.3° மட்டுமே. அதிர்வெண் உயர உயரக் காந்தமாக்கும் ரியாக்டன்ஸ் (மாறுமின்னோட்டத்துக்குக் காயில் காட்டும் எதிர்ப்பு) கூடுவதால் இது எதிர்பார்த்ததே. ஹார்மோனிக்குகளில் பிழை குறைவுதானே என்று இதைக் கடந்துபோகக் கூடாது. ஹார்மோனிக் கோணத்தை அடிப்படை அலையோடு ஒப்பிட்டுச் சொல்லும்போது, அடிப்படைக் கோணத்தை 5-ஆல் பெருக்கிக் கழிக்கிறோம். மின்னோட்டத்தின் சொந்த அடிப்படை அலையையே ஆதாரமாக எடுத்தால் அந்த 1.6° பிழை 8° ஆகிவிடும். எல்லாக் கோணங்களுக்கும் மின்னழுத்தத்தின் அடிப்படை அலையே ஆதாரம் என்று வைத்துக்கொண்டேன். நுண்கட்டுப்படுத்தியில் உள்ள மாற்றி சேனல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படிப்பதாக இருந்தால், அந்த இடைவெளியையும் கணக்கில் கொள்ள வேண்டும்: 20 மைக்ரோவிநாடித் தாமதம் 5-ஆம் ஹார்மோனிக்கில் 1.8°, 25-ஆம் ஹார்மோனிக்கில் 9°.

முதல் சோதனைக்கு வழங்குநர் பக்கத்தில் 0.6 வோல்ட், நுகர்வோர் பக்கத்தில் அதன் இரு மடங்காக 1.2 வோல்ட் என்று 5-ஆம் ஹார்மோனிக்கை வைத்தேன். காயில்களின் இம்பீடன்ஸ் (ரியாக்டன்ஸும் மின்தடையும் சேர்ந்த மொத்த எதிர்ப்பு) இரு பக்கமும் சமம்: 250 ஹெர்ட்ஸில் 4.24 ஓம் ரியாக்டன்ஸ், ஆம்ப்ளிஃபையரும் கம்பிகளும் சேர்த்து அரை ஓம் மின்தடை. ஆகவே யார் பெரிய மூலம் என்பதில் ஐயத்துக்கே இடமில்லை. வழங்குநரின் ஹார்மோனிக் 90° முந்தியிருக்கும்படி அமைத்தபோது, இணைப்புப் புள்ளியில் ஹார்மோனிக் மின்னழுத்தம் 0.67 வோல்ட், மின்னோட்டம் 157 மில்லிஆம்பியர், 250 ஹெர்ட்ஸில் பாயும் திறன் நுகர்வோரை நோக்கி 76 மில்லிவாட். அடுத்து கோணத்தை மட்டும் மாற்றி, வழங்குநரை 90° பின்தங்க வைத்தேன். மின்னழுத்தம் அதே 0.67 வோல்ட், மின்னோட்டம் அதே 157 மில்லிஆம்பியர். திறன் மட்டும் திசை மாறி, வழங்குநரை நோக்கி 91 மில்லிவாட்.

ஹார்மோனிக் திறன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமே மூலம் என்பது இன்றும் பல கருவிகளின் திரையில் அம்புக்குறியாகக் காட்டப்படும் விதி. அதன்படி முதல் நிலையில் வழங்குநர் குற்றவாளி, இரண்டாம் நிலையில் நுகர்வோர் குற்றவாளி. மூலங்களின் அளவில் நான் எதையும் தொடவில்லை. காரணம், பெரும்பாலும் தூண்டலாக இருக்கும் ஒரு பாதையில் பயனுறு திறனின் திசையைத் தீர்மானிப்பது இரு மூலங்களுக்கு இடையிலான கோணமே, அவற்றின் அளவு அல்ல; 50 ஹெர்ட்ஸில் ஜெனரேட்டர்களுக்கு இடையே நடக்கும் அதே இயற்பியல்தான் இங்கும். வில்சன் ஷூவும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் ஐ.இ.இ.இ. ஆய்விதழில் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கிறார்கள். இருந்தும் அந்த அம்புக்குறி கருவிகளைவிட்டுப் போகவில்லை, அதை வைத்து எழுதப்படும் கடிதங்களும் நிற்கவில்லை. மூலங்கள் ஒரே கோணத்தில் இருக்கும்போது நிலைமை இன்னும் மோசம்: திறன் 7 மில்லிவாட்டுக்கு இறங்கி, மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் இடையே 96.7° வந்தது. அளவீட்டில் 7° பிழை இருந்தாலே அம்புக்குறி திரும்பிவிடும்.

திசை உதவாது என்றால் இம்பீடன்ஸ் தெரிய வேண்டும். களத்தில் காயிலைக் கழற்றி அளக்க முடியாது. இயல்பாக நடக்கும் ஏற்ற இறக்கங்களிலிருந்துதான் அதைப் பெற வேண்டும். மின்னோட்டத்தை நுகர்வோரை நோக்கி நேர்க்குறியாக எடுத்துக்கொண்டால், நுகர்வோரின் மூலம் மட்டும் மாறும்போது, மின்னழுத்த மாற்றத்தை மின்னோட்ட மாற்றத்தால் வகுத்தால் கிடைப்பது வழங்குநரின் இம்பீடன்ஸ், எதிர்க்குறியோடு. வழங்குநரின் மூலம் மட்டும் மாறினால் கிடைப்பது நுகர்வோரின் இம்பீடன்ஸ், நேர்க்குறியோடு. நுகர்வோர் சேனலின் ஹார்மோனிக்கை 1.2 வோல்ட்டுக்கும் 1.0 வோல்ட்டுக்கும் இடையே சில விநாடிகளுக்கு ஒருமுறை மாற்றி, அடுத்தடுத்த சாளரங்களின் வேறுபாடுகளை எடுத்தபோது, காயிலின் மதிப்பு அப்படியே கிடைத்தது. இரு பக்கமும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் மாறும்போது புள்ளிகள் தளமெங்கும் சிதறுகின்றன. எது யாருடைய மாற்றம் என்று சலித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

சலிப்பதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் வழி, அந்த வகுத்தலின் மெய்ப்பகுதியின் குறியைப் பார்ப்பது: எதிர்க்குறி என்றால் நுகர்வோரின் மாற்றம், நேர்க்குறி என்றால் வழங்குநரின் மாற்றம். இரு இம்பீடன்ஸ்களிலும் உள்ள மின்தடை நேர்க்குறியாகத்தானே இருக்க முடியும் என்பதால் கோட்பாட்டளவில் இது உறுதியானது. ஆனால் 4.24 ஓம் ரியாக்டன்ஸின் பக்கத்தில் அரை ஓம் மின்தடையின் குறியைப் பிடிப்பது கடினம். சற்று இரைச்சல் வந்தாலும் புள்ளிகள் எல்லைக்கோட்டைத் தாண்டுகின்றன. ரியாக்டன்ஸைக் காட்டும் கற்பனைப் பகுதியின் குறியைப் பார்த்தால் பிரிவு மிகத் தெளிவாக வருகிறது. அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: நுகர்வோரிடம் திறன்காரணித் திருத்தக் கெப்பாசிட்டர் இருக்கக் கூடாது. இருந்தால் நுகர்வோரின் இம்பீடன்ஸே கொண்மை வகையாகி, வழங்குநர் செய்த மாற்றமும் எதிர்க்குறியில் வந்து நுகர்வோர் தலையில் விழும். சண்டை வரும் ஆலைகளில் கெப்பாசிட்டர் இல்லாத ஆலையைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இம்பீடன்ஸ் கிடைத்துவிட்டால் ஒவ்வொரு மூலமும் தனியாக எவ்வளவு மின்னோட்டத்தை அனுப்புகிறது என்று கணக்கிட்டு, அந்த வெக்டர்களை மொத்த மின்னோட்டத்தின்மேல் வீழ்த்திப் பங்கு பிரிப்பது அடுத்த படி. 90° முந்தியபோதும் பின்தங்கியபோதும் நுகர்வோர் பங்கு 80%, வழங்குநர் பங்கு 20% என்று வந்தது. அம்புக்குறி புரண்ட இடத்தில் இது அசையவில்லை. ஆனால் இரு மூலங்களையும் ஒரே கோணத்துக்குக் கொண்டுவந்தபோது, மின்னோட்டத்தில் நுகர்வோர் பங்கு 200%, வழங்குநர் பங்கு கழித்தல் 100%. அதே நிலையில் மின்னழுத்தத்தின் பங்கைப் பிரித்தால் 67%, 33%. எதிர்க்கோணத்தில் வைத்தால் இரண்டும் இடம் மாறிக்கொள்கின்றன. கணக்கில் தவறில்லை, ஒருவர் மற்றவரின் ஹார்மோனிக்கை ஓரளவு அழிக்கிறார் என்பதைத்தான் எதிர்க்குறிச் சதவீதம் சொல்கிறது. அபராதம் விதிக்கும் ஒப்பந்தத்தில் இப்படிப்பட்ட சதவீதங்களை எழுதிவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. சதவீதத்தை விட்டுவிட்டு, ஒவ்வொரு மூலமும் இணைப்புப் புள்ளியில் தனியாக உண்டாக்கும் மின்னழுத்தத்தைச் சொன்னால், கோணம் எதுவானாலும் நுகர்வோர் 0.6 வோல்ட், வழங்குநர் 0.3 வோல்ட் என்று நிற்கிறது. 12 வோல்ட்டில் அது 5%, 2.5%. இரண்டும் எப்படிக் கூடும் என்பதற்கு, கோணம் தெரியாத நிலையில் ஐ.இ.சி. 61000-3-6 ஒரு கூட்டல் விதியைத் தருகிறது. 5 முதல் 10 வரையிலான ஹார்மோனிக்குகளுக்கு அடுக்கு 1.4: ஒவ்வொன்றையும் அந்த அடுக்குக்கு உயர்த்திக் கூட்டி, கூட்டுத்தொகையை 1/1.4 அடுக்குக்குக் கொண்டுவர வேண்டும். அதன்படி 0.75 வோல்ட். கோணத்தைச் சுற்றிவந்தபோது நான் கண்டது 0.3 முதல் 0.9 வரை, திட்டமிடலுக்கு நியாயமான எண்தான்.

ஹார்மோனிக் வரம்புகளுக்கான ஐ.இ.இ.இ. 519 தரநிலை இந்தச் சிக்கலுக்குள் நுழைவதே இல்லை. நுகர்வோர் தன் மின்னோட்டத்துக்குப் பொறுப்பு, வழங்குநர் மின்னழுத்தத்துக்குப் பொறுப்பு என்று பிரித்துவிட்டு, குறுக்குச்சுற்று மின்னோட்டத்துக்கும் சுமை மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு வரம்பைத் தருகிறது. என் மேசையில் அந்த விகிதம் 11.5, 20-க்குக் கீழே 5-ஆம் ஹார்மோனிக்குக்கான வரம்பு 4%. 157 மில்லிஆம்பியர் ஏறத்தாழ 15%. நடைமுறைக்கு எளிதான விதிதான், ஆனால் ஓடும் மின்னோட்டம் நுகர்வோர் உண்டாக்கியதா, அவர் வழியாக ஓடியதா என்று அது கேட்பதில்லை.

கேட்காததன் விளைவைப் பார்க்கவே கெப்பாசிட்டர் சோதனை. நுகர்வோர் சேனலை முழுவதுமாகக் கழற்றிவிட்டு, 50 மைக்ரோஃபாரட் மோட்டார் ரன் கெப்பாசிட்டர்கள் இரண்டை இணைப்புப் புள்ளியில் இணைகட்டினேன். நுகர்வோர் பக்கம் இப்போது ஹார்மோனிக் மூலம் எதுவுமில்லை. வழங்குநர் பக்கத்தில் அதே 0.6 வோல்ட். காயிலும் கெப்பாசிட்டரும் 306 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்வு கொள்வதால் 250 ஹெர்ட்ஸிலேயே உருப்பெருக்கம் கடுமையாக இருக்கிறது: 0.6 வோல்ட் 1.75 வோல்ட்டாக ஏறி, 14 சதவீதத்தைத் தொட்டது. மின்னோட்டம் 274 மில்லிஆம்பியர், உண்மையான மூலம் இருந்தபோது ஓடியதைவிட அதிகம். மூலங்களைப் பிரிக்கும் கணக்கில் நுகர்வோரின் பங்கு பூஜ்யம். மின்னோட்ட வரம்புப்படி அவர் வெகுதூரம் மீறியவர். நிறுவல் இருக்கும்போதும் இல்லாதபோதும் உள்ள மின்னழுத்த வெக்டர்களின் வேறுபாட்டை எடுத்தால் அவர் உண்டாக்கியது 1.17 வோல்ட். மூன்று கணக்கும் சரி.

மூன்றாவது கணக்கை நான் விரும்பினேன், வழங்குநர் பக்கத்தில் இன்னொரு காயிலை இணையாகச் சேர்க்கும்வரை. அப்படிச் சேர்ப்பது துணைமின் நிலையத்தில் இரண்டாவது டிரான்ஸ்பார்மரை இணைப்பதற்குச் சமம். இணைப்புப் புள்ளி மின்னழுத்தம் 1.75 வோல்ட்டிலிருந்து 0.9 வோல்ட்டுக்கு இறங்கியது. நுகர்வோர் எதையும் தொடாமலேயே அவருடைய பொறுப்பு கால்பங்குக்கு வந்துவிட்டது. இதற்கு 2000-இல் முன்வைக்கப்பட்ட ஒரு தீர்வு, இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்ட ஆதார இம்பீடன்ஸ்களை வைத்துக்கொண்டு, உண்மையான இம்பீடன்ஸ் அதிலிருந்து விலகுவதை விலகியவருடைய மூலத்தில் ஏற்பட்ட மாற்றமாகவே கணக்கிடுவது. அப்படிச் செய்தால் கெப்பாசிட்டர் நுகர்வோர் கணக்கிலும், டிரான்ஸ்பார்மரைக் கழற்றியது வழங்குநர் கணக்கிலும் போகும். ஆதார இம்பீடன்ஸை யார் எழுதுவது என்பது அளவீட்டால் தீராத கேள்வி, அது ஒப்பந்தத்தில் தீர வேண்டியது.

கெப்பாசிட்டருக்குத் தொடராக 6.8 மில்லிஹென்றி காயிலைச் சேர்த்ததும் நிலைமை தலைகீழானது. அந்தக் கிளையின் ஒத்ததிர்வு 193 ஹெர்ட்ஸுக்கு இறங்கியதால் 250 ஹெர்ட்ஸில் அது தூண்டல் வகையாகிவிட்டது. இணைப்புப் புள்ளியில் 0.6 வோல்ட்டாக இருந்தது 0.30 வோல்ட், கிளையில் ஓடுவது 69 மில்லிஆம்பியர். இந்த நுகர்வோர் திரிபைப் பாதியாகக் குறைக்கிறார், ஆனாலும் அந்த 69 மில்லிஆம்பியரை மின்னோட்ட வரம்பு அவர் பெயரில்தான் எழுதும்.

களத்தில் கெப்பாசிட்டர் படிகள் (தேவைக்கேற்ப இணைத்துக் கழற்றப்படும் கெப்பாசிட்டர் தொகுதிகள்) தாமாகவே உள்ளே வெளியே போகின்றன என்பதால், வழங்குநரின் இம்பீடன்ஸை அறிய அதைவிட வசதியான சோதனை கிடையாது. அதற்குக் கருவி கோணங்களைச் சேமித்திருக்க வேண்டும். 10 நிமிடச் சராசரிகளில் கோணம் இல்லை, ஆகவே படி மாறும் கணத்தின் இருபுறமும் உள்ள அலைவடிவங்களைத் தனியாகப் பதியவைக்க வேண்டும். அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கெப்பாசிட்டர் சேரும்போது இணைப்புப் புள்ளியின் 50 ஹெர்ட்ஸ் மின்னழுத்தமே சற்றுத் திரும்புகிறது. என் மேசையில் 0.93°. அதையே ஆதாரமாக வைத்தால் 5-ஆம் ஹார்மோனிக்கில் அது 4.6° ஆகிறது. சவுண்டு கார்டின் கடிகாரத்தை ஆதாரமாக வைத்தபோது கிடைத்த 0.50 ஓம் மின்தடை, இந்த ஆதாரத்தில் 0.33 ஓமாகச் சுருங்கியது, ரியாக்டன்ஸ் 4.24-இலிருந்து 4.21-க்கு மட்டுமே போனது. ஒத்ததிர்வின் உச்ச உயரத்தைத் தீர்மானிப்பது அந்த மின்தடைதான் என்பதால், களத்தில் கோண ஆதாரத்தைப் படிமாற்றம் அசைக்காத, வழங்குநர் பக்கத்தில் இன்னும் மேலே உள்ள பஸ்பாரிலிருந்து எடுக்கிறேன். அதற்கு வழியில்லாத இடத்தில், 50 ஹெர்ட்ஸ் இம்பீடன்ஸைக் கொண்டு திருப்பத்தைக் கணக்கிட்டு, 5-ஆல் பெருக்கித் திருத்திய பிறகே வகுத்தலைச் செய்கிறேன்.